கோடம்பாக்கத்துக்கு வெளியே ஒரு கன்னடப் படம்

1960-களில் தென்னிந்திய சினிமா நான்கு மொழிகளில் பேசினாலும் அதன் முகவரி ஒன்றுதான்: சென்னையின் கோடம்பாக்கம். ஏவி.எம்., விஜயா-வாகினி போன்ற ஸ்டுடியோக்களில் ஒரு ஃபுளோரில் தெலுங்குப் புராணப் படம் ஓடிக்கொண்டிருக்கும். அடுத்த ஃபுளோரில் தமிழ்க் குடும்பக் கதைக்கு விளக்கு கட்டுவார்கள். கன்னடப் படங்களில் கணிசமானவையும் இங்கேதான் உருவாயின. மைசூரில் பிரீமியர் ஸ்டுடியோ இருந்தது. பெங்களூரிலும் ஸ்டுடியோ வந்துவிட்டது. ஆனாலும் லேப், பாட்டுப்பதிவு, டெக்னீஷியன்கள் என்று எதற்கும் சென்னைக்கு ரயில் ஏற வேண்டும். கன்னடர்கள் கொண்டாடிய ராஜ்குமாரே சென்னைவாசி. அவருடைய மூத்த மகன் சிவராஜ்குமார் பிறந்தது இந்த ஊரில்தான்.

அதனால் கன்னட சினிமாவின் போக்கையே திருப்பிய ‘சம்ஸ்காரா’வின் வேரும் சென்னையில்தான் இருக்கிறது என்றால் யாரும் வியக்க மாட்டார்கள். ஆனால் அந்த வேர் கோடம்பாக்கத்தில் இல்லை. ஆங்கில நாடகம் போட்ட ஒரு குழு, கடற்கரையோரம் ஓவியர்கள் தாங்களே கட்டிக்கொண்ட ஒரு கிராமம், லோகியாவின் சோஷலிசத்தில் ஊறிய ஒரு தெலுங்குக் கவிஞரின் வீடு: இவற்றின் நடுவில் அது முளைத்தது. ஸ்டுடியோக்காரர்களுக்கு இந்த இடங்கள் எதுவும் சினிமாவோடு சேர்த்தி இல்லை. 1970-ல் வெளிவந்த அந்தப் படம் அந்த ஆண்டின் சிறந்த இந்தியப் படத்துக்கான தேசிய விருதை வாங்கியது. கன்னடத்துக்கு அந்த விருது கிடைத்தது அதுவே முதல் முறை.

முதலில் நாவல். யு.ஆர். அனந்தமூர்த்தி தீர்த்தஹள்ளி வட்டத்து மேளிகெ கிராமத்தில், மாத்வப் பிராமணக் குடும்பத்தில் 1932-ல் பிறந்தவர். 1960-களின் நடுவில் முனைவர் பட்டத்துக்காக இங்கிலாந்தின் பர்மிங்காமில் இருந்தார். அங்கே ஒருநாள் தன் ஆசிரியரும் நாவலாசிரியருமான மால்கம் பிராட்பரியோடு இங்மர் பெர்க்மனின் ‘தி செவன்த் சீல்’ படத்தைப் பார்த்தார். பிளேக் பரவிய இடைக்கால ஐரோப்பாவில், கடவுள் இருக்கிறாரா என்று தேடி அலையும் ஒரு வீரனின் கதை. சப்டைட்டில் கிடையாது. ஐரோப்பியனுக்கு இடைக்காலம் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளும் காலம். தனக்கோ அது சொந்த ஊரில் இன்னும் உயிரோடு இருக்கும் காலம் என்று அவருக்கு அப்போது தோன்றியது. இதை அவரே பல முறை சொல்லியிருக்கிறார். நாவலை அங்கேயே எழுதினார். 1965-ல் அது கன்னடத்தில் வெளியானது.

கதை துர்வாசபுரம் என்ற அக்ரஹாரத்தில் நடக்கிறது. நாரணப்பா என்ற பிராமணர் ஷிவமொக்கா போய்த் திரும்பிவந்து காய்ச்சலில் விழுந்து சாகிறார். அவர் விட்டுப்போன பழிகள் ஏராளம். குந்தாபுரத்துச் சந்திரியை வீட்டில் சேர்த்துக்கொண்டு வாழ்ந்தவர். குடித்தவர், இறைச்சி தின்றவர், கோவில் குளத்து மீனை முஸ்லிம் நண்பர்களோடு பிடித்துச் சமைத்தவர், சாளக்கிராமத்தை ஆற்றில் வீசியவர். ஆனாலும் யாரும் அவரைச் சாதியிலிருந்து தள்ளிவைக்கவில்லை. பிள்ளையும் இல்லை. அப்படியானால் ஈமக்கிரியை யார் செய்வது? பிணம் கிடக்கும்வரை அக்ரஹாரத்தில் யாரும் சாப்பிட முடியாது. முடிவு சொல்லும் பொறுப்பு ஊரே மதிக்கும் பிராணேஷாசார்யர் தலையில் விழுகிறது. அவர் காசி வரை போய்ப் படித்தவர். நோயாளி மனைவிக்குப் பணிவிடை செய்வதையே தவமாகக் கொண்டவர்.

சடங்குச் செலவுக்கு என்று சந்திரி தன் நகைகளைக் கழற்றி வைக்கிறாள். அதுவரை கிரியை செய்ய மறுத்தவர்களின் மனம் அந்த நிமிடமே பொன்னின் பக்கம் சாய்கிறது. ஆசார்யர் ஏடுகளைப் புரட்டுகிறார், விடை இல்லை. மாருதி கோவிலில் நாளெல்லாம் காத்திருக்கிறார்; தெய்வம் வாய் திறக்கவில்லை. திரும்பும் வழியில், இருட்டிய காட்டில், சந்திரியோடு கூடுகிறார். ஊரில் எலிகள் செத்து விழுகின்றன, கூரைகளில் கழுகுகள் வந்து உட்காருகின்றன. பிணத்தை எரிக்க ஒரு பிராமணரும் முன்வராதபோது சந்திரி ஒரு முஸ்லிம் வண்டிக்காரரின் உதவியோடு இரவோடு இரவாக எரித்துவிட்டுப் போய்விடுகிறாள். அது தெரியாமல் மற்றவர்கள் இன்னும் சாஸ்திரம் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

இதைப் படமாக்க எந்த விநியோகஸ்தர் முன்பணம் தருவார்? பாட்டு இல்லை, சண்டை இல்லை, காதல் என்று சொல்லக்கூடியதும் இல்லை. கதையின் மையத்தில் கிடப்பது ஒரு பிணம்.

துணிந்தவர் திக்கவரபு பட்டாபிராம ரெட்டி. நெல்லூரில் 1919-ல் பிறந்தவர்; சாந்திநிகேதனிலும் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்திலும் படித்தவர். இருபது வயதில் அவர் வெளியிட்ட ‘ஃபிடேலு ராகால டஜன்’ தெலுங்குக் கவிதையில் மரபின் மீது விழுந்த அடிகளில் ஒன்று. சினிமாவும் அவருக்குப் புதிதல்ல. ‘மாயா பஜார்’ இயக்குநர் கே.வி. ரெட்டியோடு சேர்ந்து தெலுங்கில் பெரிய படங்களின் தயாரிப்பில் பங்கெடுத்தவர். வணிகப் படம் எப்படி உருவாகிறது, பணம் எங்கே போகிறது என்பதெல்லாம் உள்ளிருந்து பார்த்துத் தெரிந்தவர். அப்படிப்பட்டவர் ஐம்பது வயதில், தன் தாய்மொழி அல்லாத ஒரு மொழியில், முதல் முறையாக இயக்குநராக உட்கார்ந்தார். தயாரிப்பு நிறுவனத்துக்கு அவர் வைத்த பெயர் ‘ராமமனோகர சித்ரா’. 1967-ல் மறைந்த ராம் மனோகர் லோகியாவின் பெயர் அது.

அந்தப் பெயரைக் கவனிக்காமல் இந்தப் படத்தைப் புரிந்துகொள்ள முடியாது. சாதியை உடைக்காத சோஷலிசம் இந்தியாவில் சோஷலிசமே ஆகாது என்று வாதாடியவர் லோகியா. 1951-ல் ஷிவமொக்கா மாவட்டத்துக் காகோடுவில் குத்தகை விவசாயிகள் நடத்திய சத்தியாகிரகத்துக்கு வந்து கைதானவர். அந்த மலநாட்டுச் சூழலில்தான் அனந்தமூர்த்தியின் அரசியல் உருவானது. பின்னர் இந்தப் படத்தில் நடித்த எழுத்தாளர் பி. லங்கேஷும் அந்த மாவட்டத்துக்காரர், லோகியாவின் வழியில் யோசித்தவர். ‘நவ்ய’ என்ற கன்னட நவீன இலக்கியத்தின் இளைஞர்கள் பலருக்கு எழுத்தும் இந்த அரசியலும் பிரிக்க முடியாதவை. நெல்லூர்க்காரர் ஒருவரைக் கன்னட நாவலிடம் கொண்டுசேர்த்த பாலம் மொழியல்ல, இந்த அரசியல்தான்.

மற்ற பாலங்கள் சென்னையில் இருந்தன. பட்டாபியின் மனைவி சிநேகலதா ரெட்டி ‘மெட்ராஸ் பிளேயர்ஸ்’ நாடகக் குழுவின் தூண்களில் ஒருவர். அதே குழுவில் நடித்துக்கொண்டிருந்தவர் கிரீஷ் கர்னாட். ஆக்ஸ்ஃபோர்டில் படித்துத் திரும்பி, 1963 முதல் ஆக்ஸ்ஃபோர்டு யுனிவர்சிட்டி பிரஸ்ஸின் சென்னை அலுவலகத்தில் வேலை பார்த்தார். பகலில் பதிப்பக வேலை, மாலையில் நாடகம். ‘துக்ளக்’ நாடகத்தை அவர் எழுதியது அந்தக் காலத்தில்தான். ‘காதலன்’ படத்தின் வில்லனாக மட்டும் அவரைத் தெரிந்துவைத்திருக்கும் தமிழ் ரசிகர்கள், அவர் தன் இளமையின் ஏழாண்டுகளை இந்த ஊரில் கழித்தவர் என்பதையும் சேர்த்து நினைவில் வைக்கலாம். ‘சம்ஸ்காரா’வுக்குத் திரைக்கதை எழுதியவர் அவர்தான், பிராணேஷாசார்யராக நடித்ததும் அவர்தான். இரண்டுமே சினிமாவில் அவருக்கு முதல் வேலை.

சந்திரியாக சிநேகலதா. நாரணப்பாவாக லங்கேஷ். கவிஞர், சிறுகதையாளர், நாடகாசிரியர், பெங்களூரில் ஆங்கிலம் கற்பித்தவர். பின்னாளில் ‘லங்கேஷ் பத்ரிகெ’யை நடத்தியவர், கௌரி லங்கேஷின் தந்தை. இசை ராஜீவ் தாராநாத்; அலி அக்பர் கானிடம் சரோத் பயின்றவர், அவரும் ஆங்கில இலக்கிய ஆசிரியர். கலை இயக்கம் எஸ்.ஜி. வாசுதேவ். மைசூரில் பிறந்து சென்னை ஓவியக் கல்லூரியில் கே.சி.எஸ். பணிக்கரிடம் பயின்றவர். 1966-ல் பணிக்கரும் மாணவர்களும் சென்னைக்குத் தெற்கே நிலம் வாங்கி உருவாக்கிய சோழமண்டலத்தில் வாழ்ந்து வரைந்துகொண்டிருந்தவர். ஒளிப்பதிவு டாம் கோவன் என்ற இளம் ஆஸ்திரேலியர். படத்தொகுப்பில் ஸ்டீவன் கார்ட்டா.

தொழில்முறைத் திரைப்பட அனுபவம் உள்ள ஒருவரும் பட்டாபிக்குத் துணையாக இருந்தார்: சிங்கீதம் சீனிவாச ராவ். கே.வி. ரெட்டியின் உதவியாளராக வளர்ந்த அவர், இந்தப் படத்தின் நிர்வாக இயக்குநர். ‘அபூர்வ சகோதரர்கள்’, ‘மைக்கேல் மதன காமராஜன்’ என்று தமிழர்கள் சிரித்து மகிழ்ந்த படங்களை இயக்கிய அதே சிங்கீதம்தான். முன்னணி நடிகர்கள் எவருக்கும் கேமரா முன்னால் நின்று பழக்கமில்லாத ஒரு கூட்டத்தில், இப்படி ஒருவர் இருப்பது எவ்வளவு பெரிய பலம் என்பது படப்பிடிப்புத் தளம் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

செலவு ஒரு லட்சம் ரூபாய்க்குள் அடங்கியது. செட் போடவில்லை. சிருங்கேரிக்குப் பக்கத்தில், துங்கா பாயும் மலநாட்டில், வைகுந்தபுரா என்ற அக்ரஹாரத்துக்கே போய்ப் படமாக்கினார்கள். ஆதிசங்கரரின் பெயரால் விளங்கும் சாரதா பீடத்தின் அருகிலேயே, பிராமணியத்தை அதன் அடுப்படி வரை சென்று கேள்வி கேட்கும் ஒரு படம். ஓடு வேய்ந்த தாழ்வான வீடுகள், திண்ணை, முற்றம், ஒற்றைத் தெரு, தெருவை விழுங்கக் காத்திருக்கும் காடு எல்லாம் அங்கேயே இருந்தன. ஸ்டுடியோவில் கட்டியிருந்தால் அக்ரஹாரம் பளிச்சென்று இருந்திருக்கும். இங்கே வீட்டுக்குள் வெளிச்சம் அரைகுறையாகத்தான் நுழைகிறது. கறுப்பு வெள்ளையில், பகலிலேயே இருண்டு கிடக்கும் அந்த உள்ளறைகளைப் பார்க்கும்போது ஆசார்யரின் திணறல் வசனமில்லாமலே புரிகிறது.

ஒளிப்பதிவாளருக்குக் கன்னடம் தெரியாது, அக்ரஹாரமும் தெரியாது. அது குறையாகியிருக்கலாம். நடந்தது வேறு. பூணூலும் பஞ்சபாத்திரமும் பக்திப்படங்களில் வரும்போது நம் கேமராக்கள் தாமாகவே ஒரு பணிவோடு அவற்றை அணுகும். கோவனின் கேமராவுக்கு அந்தப் பழக்கம் இல்லை. முகங்களையே அது பார்த்தது: நகையைப் பார்த்ததும் அசையும் கண்களை, பசியில் எரிச்சலடையும் உதடுகளை. சாதியின் கொடுமையை எந்தப் பாத்திரமும் மேடையேறி முழங்குவதில்லை. கற்றறிந்த ஒருவர், தன் கல்வி தனக்கு உதவாத இடத்தில் தனியாக நிற்கிறார். அதுதான் படம் முன்வைக்கும் விமர்சனம், அதன் கூர்மையும் அங்கேதான். கர்னாட் அந்த வேடத்தை உரக்க நடித்திருந்தால் எல்லாம் குலைந்திருக்கும்.

படம் முடிந்து தணிக்கைக்குப் போனது. சென்னையிலிருந்த தணிக்கை வாரியம் சான்றிதழ் தர மறுத்தது. சாதிக்கு எதிரான அதன் கடுமை மக்களிடையே பதற்றத்தை உண்டாக்கும் என்பது காரணம். படம் எந்த நகரத்தில் கருக்கொண்டதோ அதே நகரத்தில் முடங்கியது. 1970 தணிக்கை குறித்து நாடே விவாதித்த ஆண்டு. ஜி.டி. கோஸ்லா தலைமையிலான குழு தணிக்கை முறையைச் சீர்திருத்தச் சொல்லி அதற்கு முந்தைய ஆண்டுதான் அறிக்கை கொடுத்திருந்தது. கே.ஏ. அப்பாஸ் தன் ஆவணப்படத்துக்காகத் தொடுத்த வழக்கில், படங்களை முன்கூட்டியே தணிக்கை செய்வது அரசியல் சட்டப்படி செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 1970 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. ‘சம்ஸ்காரா’ குழுவினர் பின்வாங்கவில்லை. முறையீடுகளுக்குப் பிறகு மத்திய செய்தி ஒலிபரப்பு அமைச்சகம் தடையை நீக்கியது. மக்கள் பார்க்கக் கூடாது என்று ஒரு அரசு அலுவலகம் சொன்ன படத்துக்கு, நாட்டின் மிக உயர்ந்த திரைப்பட விருதை அதே அரசு கொடுத்தது. 1972-ல் சுவிட்சர்லாந்தின் லோகார்னோ விழாவிலும் அது பரிசு பெற்றது.

சந்திரியாக நடித்தவருக்கு அதன்பின் நேர்ந்ததையும் இந்த வரலாற்றிலிருந்து பிரிக்கக் கூடாது. பட்டாபியும் சிநேகலதாவும் சோஷலிஸ்டுகள். சோஷலிஸ்ட் தலைவர் ஜார்ஜ் பெர்னாண்டஸின் நண்பர்கள். நெருக்கடி நிலையின்போது, அரசுக்கு எதிராக வெடிவைக்கச் சதி செய்ததாக பெர்னாண்டஸ் மீது போடப்பட்ட பரோடா டைனமைட் வழக்கோடு தொடர்புபடுத்தி 1976 மே மாதம் சிநேகலதாவைக் கைது செய்தார்கள். இறுதிக் குற்றப்பத்திரிகையில் அவர் பெயரே இல்லை, ஆனாலும் விடுவிக்கவில்லை. கடும் ஆஸ்துமா நோயாளியான அவர் பெங்களூர் மத்தியச் சிறையில் எட்டு மாதங்கள் கிடந்தார். சக பெண் கைதிகளுக்காகக் குரல் கொடுத்தார், நாட்குறிப்பு எழுதினார். அது பின்னர் நூலாக வந்தது. உடல் முற்றாகக் குலைந்த நிலையில் 1977 ஜனவரி 15 அன்று பரோலில் விட்டார்கள். 18-ஆம் தேதி இந்திரா காந்தி தேர்தலை அறிவித்தார். 20-ஆம் தேதி சிநேகலதா இறந்தார். பட்டாபியின் அடுத்த படமான ‘சண்ட மாருத’ அந்த ஆண்டுக்குரியது. அதற்கு மூலம் லங்கேஷின் நாடகம்.

‘சம்ஸ்காரா’ தனி மரமாக நிற்கவில்லை. எஸ்.எல். பைரப்பாவின் ‘வம்ச விருட்ச’ நாவலை பி.வி. காரந்தும் கர்னாடும் சேர்ந்து 1971-ல் படமாக்கினார்கள், தயாரித்தவர் ஜி.வி. ஐயர், கலை இயக்கம் மறுபடியும் வாசுதேவ். 1973-ல் கர்னாடின் ‘காடு’. 1975-ல் சிவராம காரந்தின் நாவலிலிருந்து பி.வி. காரந்த் எடுத்த ‘சோமன துடி’. 1976-ல் லங்கேஷே இயக்குநராகி ‘பல்லவி’யை எடுத்தார். 1977-ல் அனந்தமூர்த்தியின் கதை ஒன்றைக் கொண்டு, திரைப்படக் கல்லூரியிலிருந்து வந்த கிரீஷ் காசரவள்ளி ‘கடசிராத்த’ எடுத்தார். அதுவும் அக்ரஹாரம், அதுவும் சாதியின் தண்டனை. இந்த முறை ஒரு விதவையும் ஒரு சிறுவனும் மையத்தில். சிறந்த இந்தியப் படத்துக்கான விருது 1970, 1975, 1977 என்று எட்டு ஆண்டுகளுக்குள் மூன்று முறை கன்னடத்துக்குப் போனது.

தமிழில் இத்தகைய மாற்று சினிமா முயற்சி முன்பே தொடங்கியிருந்தது. ஜெயகாந்தன் தன் ‘உன்னைப்போல் ஒருவன்’ கதையைத் தானே இயக்கி, 1965-ல் திரைக்குக் கொண்டுவந்தார். சேரி மக்களின் வாழ்க்கையை அலங்காரமில்லாமல் காட்டிய அந்தப் படத்துக்கு மத்திய அரசின் விருதும் கிடைத்தது. ‘சம்ஸ்காரா’வுக்கு ஐந்தாண்டு மூத்தது; அதே சென்னையில், அதே சிறு முதலில் உருவானது. ஆனால் அதன் பின்னால் ஒரு வரிசை உருவாகவில்லை. ஜெயகாந்தன் தனி ஆள். அவரோடு சேர்ந்து நாடகக்காரர்களும் ஓவியர்களும் கவிஞர்களும் சினிமாவுக்குள் நுழையவில்லை. சிறுபத்திரிகை எழுத்தாளர்களில் பெரும்பாலோர் திரைப்படத்தைத் தொடவே தயங்கினார்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. வைதீகத்தையும் சாதியையும் எதிர்த்த குரல் தமிழில் ‘வேலைக்காரி’, ‘பராசக்தி’ காலத்திலேயே பெரிய திரையில், கொட்டகை நிறைந்த கூட்டத்தின் முன்னால் ஒலித்துவிட்டது. அந்தக் கோபத்துக்கு இங்கே கோடம்பாக்கத்துக்குள்ளேயே இடம் இருந்தது. கன்னடத்தில் அது வெளியே போய்த் தனக்கென்று ஒரு சினிமாவைக் கட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. தமிழின் எதிர்ப்பு மன்றத்தில் நின்று வாதாடியது; அக்ரஹாரத்துக்குள் பிறந்தவனே உள்ளிருந்து தன்னைச் சந்தேகிக்கும் குரலுக்கு அந்த வசன மேடையில் இடம் கிடைக்கவில்லை.

அந்தக் குரல் தமிழில் கேட்டபோது அதைக் கொண்டுவந்தவர் கேரளத்திலிருந்து வந்த ஜான் ஆபிரகாம். வெங்கட் சாமிநாதன் திரைக்கதை எழுத, இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன் பேராசிரியராக நடிக்க, 1977-ல் ‘அக்ரஹாரத்தில் கழுதை’ வந்தது. தாயை இழந்த ஒரு கழுதைக்குட்டியை வளர்க்க அக்ரஹாரத்துக்கு அனுப்பும் பேராசிரியர், அதைக் கொன்றுவிட்டுப் பிறகு தெய்வமாக்கும் ஊர். சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது கிடைத்தது. ஆனால் எதிர்ப்புக்குப் பயந்து தூர்தர்ஷன் அதை ஒளிபரப்பாமல் நிறுத்திவைத்தது. சிறந்த இந்தியப் படத்துக்கான விருது முதன்முதலாகத் தமிழுக்கு வந்தது 1990-ஆம் ஆண்டின் ‘மறுபக்கம்’ படத்துக்கு. மூலக்கதை இந்திரா பார்த்தசாரதியின் ‘உச்சி வெயில்’, பணம் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தினுடையது, இயக்குநர் பாலக்காட்டுக்காரரான கே.எஸ். சேதுமாதவன். படுக்கையில் விழுந்த ஒரு வைதீகரும், வேற்று மதத்தில் மணம் முடித்து டெல்லியிலிருந்து அவரைப் பார்க்க வரும் மகனும்தான் அதன் கதை.